மாஸ்டருக்குப் போட்ட பொன்னாடை

ஒரேத்தோ மைதானத்திலிருந்து பஸ் தரிப்புவரை நடந்துபோன பத்து நிமிடக் கதையை ஜெயரட்ணம் பிற்பாடு பலருக்குச் சொல்லியிருக்கிறார். யாருக்குச் சொன்னாலும் ஒரே ஒழுங்கில்தான் சொல்வார். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், ஒரு சொல்லை விழுங்கவும் மாட்டார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியின் பலேர்மோ நகரிலிருக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் வருடாவருடம் ஆடும் உதைபந்தாட்டக் கிண்ணத்தில், புளியங்கேணிக் கல்லூரி அணி தன் கடைசி ஆட்டத்தை ஏழுக்குச் சைபர் என்று தோற்று அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. தோற்றதும் இன்னொரு கல்லூரியிடம் அல்ல. விருந்தாளியாகச் சேர்த்துக்கொண்ட மொரீசியஸ்காரரிடம். அணியின் பயிற்றுவிப்பாளர் ஜோக்கிம் மாஸ்டர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக முன்னால் நடந்தார். ஜேர்சிகள் அடைத்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெயரட்ணம் பின்னால் நடந்தார்.

முதலில் வாய் திறந்தவர் மாஸ்டர். வெயில் கூடிவிட்டது, அதுதான் பெடியள் களைத்துவிட்டார்கள் என்றார். வெயில் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாகத்தானே எறித்தது என்றார் ஜெயரட்ணம். மாஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மொரீசியஸ்காரர் முரட்டாட்டம் ஆடுகிறார்கள், அடுத்த வருடம் முறைப்பாடு எழுதவேண்டும் என்றார். இடிப்பதற்கு அவர்களுக்குப் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவரும் நிற்கவில்லையே என்றார் ஜெயரட்ணம். பிறகு ஜெயரட்ணத்துக்குத் தாங்கவில்லை.

“றோபேட்டை ஏன் மாஸ்டர் சென்டர் போர்வேட்டா விட்டனீங்கள்?”

“அவன் எழுபத்தேழாம் ஆண்டுக் கப்டன்.”

“இது தொண்ணூற்றேழு.”

“கப்டன் எண்டைக்கும் கப்டன்தான்.”

“காலுக்குள்ள வந்த பந்து அவருக்குத் தெரியேல்லை மாஸ்டர். வயிறு மறைக்குது.”

மாஸ்டர் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப்பட்டியின் நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார்.

“ஜெயரட்ணம், நீர் எந்த ஆண்டு ஓ லெவல் எடுத்தனீர்?”

ஓ லெவல் என்பது பத்தாம் வகுப்புச் சோதனை; ஜெயரட்ணம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அது மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். பஸ் வந்தது, மாஸ்டர் ஏறினார். ஜெயரட்ணம் ஏறவில்லை. அந்த மனிதனோடு ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க அவருக்கு அருவருப்பாக இருந்தது. பையைச் சுமந்துகொண்டு நான்கு தரிப்புத் தூரத்தையும் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் குளியல்தொட்டியில் ஜேர்சிகளை ஊறப்போடக் குனிந்தபோதுதான் மனைவி சிவமலர் வந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு இன்னொன்று. முகர்ந்தும் பார்த்தாள்.

“இதுகளை ஏன் தோய்க்கிறியள்? ஒண்டிலும் வேர்வை இல்லை. மடிச்சு வையுங்கோ.”

ஜெயரட்ணத்துக்கு அப்போது ஐம்பது வயது. ஊரில் அவருடைய தகப்பனின் சைக்கிள் கடை கல்லூரி மைதான வாசலுக்கு நேரெதிரே இருந்தது. பந்துக்குக் காற்றடிப்பதும் உள்ளே இருக்கும் பிளாடருக்கு ஒட்டுப்போடுவதும் அங்கேதான். இருபது வருடம் கல்லூரியின் பந்து அவர் மடியில் இருந்தது. காலில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் எவன் இடதுகால் காரன், எவன் முதல் பத்து நிமிடத்துக்கு மட்டும் வீரன், எந்தக் கோல்கீப்பர் நிலத்தோடு வரும் பந்துக்குப் பயப்படுவான் என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். எண்பத்தெட்டில் பலேர்மோவுக்கு வந்தார். லிபெர்த்தா வீதியில், ஐந்தாம் மாடியில், சின்யோரா என்று அழைக்கும் ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் சமையலும் துப்புரவும் நாயை உலாத்தக் கொண்டுபோவதும் அவர் வேலை. அவருடைய பெயர் நீளம் என்று அந்த வீட்டில் அவருக்கு ‘ஜான்னி’ என்று பெயர் வைத்தார்கள். மாடிப்படி கூட்டுகிறவரும் கீழே காவல் நிற்பவரும் இறைச்சிக்கடைக்காரரும்கூட அதைத்தான் கூப்பிட்டார்கள். வீட்டுவேலை செய்கிற எல்லோரையும்போல வியாழன் பின்னேரமும் ஞாயிறு முழுவதும் அவருக்கு விடுமுறை. வியாழன் பயிற்சி, ஞாயிறு ஆட்டம். கிழமையில் அந்த இரண்டு பொழுதும்தான் அவர் ஜெயரட்ணம். “புளியங்கேணி ஜெயரட்ணம் அண்ணை வாறார்” என்று யாராவது சொல்வது அந்தத் தூசு மைதானத்தில் மட்டும்தான் கேட்கும். இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. சிவமலருக்குச் சொல்லாமலே தெரியும்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. கிண்ணத்தின் விதிகளில் ஒன்று இது: மூன்று வருடம் தொடர்ந்து கடைசியாக வருகிற அணியின் இடம் வேறொரு அணிக்குப் போகும். ஆறு அணிகள், புளியங்கேணி இரண்டு வருடமாகக் கடைசி. ஊரில் தொண்ணூற்றைந்தில் போரால் வந்த இடப்பெயர்வோடு கல்லூரி மூடிக் கிடந்தது. இங்கேயும் பெயர் போய்விட்டால் அதைச் சொல்ல ஓரிடமும் இல்லை. இன்னுமொரு வருடம் ஜோக்கிம் மாஸ்டர் பயிற்றுவித்தால் பெயர் போவது நிச்சயம் என்பதை ஜெயரட்ணம் ஐந்தாம் மாடி யன்னல்களைத் துடைக்கும்போதெல்லாம் நினைத்தார்.

மாஸ்டரின் பயிற்சி என்பது என்ன என்று பார்த்தால் விளங்கும். வியாழன் மூன்று மணிக்குத் தொடங்கும். முதலில் இடாப்புக் கூப்பிடுதல். மூன்று பிள்ளைகளின் தகப்பன்மார் நிமிர்ந்து நின்று “பிரசன்ற் சேர்” சொல்லவேண்டும். அடுத்தது கல்லூரிக் கீதம், எல்லா அடிகளும். அதன்பிறகு அணிநடை. மாஸ்டர் ஊரில் கணிதம் படிப்பித்தவர், கல்லூரியின் பாண்ட் வாத்தியக் குழுவுக்கும் பொறுப்பாக இருந்தவர். லெப்ட், றைற் என்றால் அவருக்கு உயிர். உதைபந்தாட்டத்தில் அவருக்கிருந்த தகுதி, எழுபத்தொன்பதில் கொழும்பில் ஒரு கிழமை நடந்த பயிற்சிநெறியின் சான்றிதழ். அதைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுப் பலேர்மோவரைக்கும் கொண்டுவந்திருந்தார். பந்து பையைவிட்டு வெளியே வரும்போது நாலே முக்காலாகிவிடும். ஐந்தரைக்கு மைதானத்தை இத்தாலியப் பெடியளிடம் விட்டுவிட வேண்டும்.

ஆட்களைத் தெரிவதும் அதே சீரில்தான். ஓ லெவல் எடுத்த ஆண்டு எவனுக்கு முந்தியதோ அவன் முன்வரிசை. மைதானத்திலேயே வேகமாக ஓடக்கூடிய தர்சன், ஆறாம் வகுப்போடு ஊரைவிட்டு வந்தவன் என்பதால் ஆட்டத்தில் சேராமல் அணிநடையில் கொடி பிடித்தான். கிண்ணத்தின் தொடக்க நாளன்று சிறந்த அணிநடைக்கு ஒரு பரிசு உண்டு. கடந்த மூன்று வருடமும் அது புளியங்கேணிக்குத்தான். அலுமாரியில் இருக்கும் ஒரேயொரு கேடயமும் அந்தச் சுழற்கேடயம்தான். ஜெயரட்ணத்துக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது.

மொரீசியஸ் அணியின் ஜாக், நகரின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையில் காவல் வேலை செய்பவன். அவனுடைய பூட்டன் தமிழர். அவனுக்குத் தமிழில் ‘அம்மா’வும் ‘கோவிந்தா’வும் மட்டும் தெரியும். ஏழு கோலில் மூன்று அவன் அடித்தது. அடுத்த வியாழன் மைதானத்துத் தண்ணீர்க் குழாயடியில் ஜெயரட்ணத்தைக் கண்டு, இத்தாலியனில் மரியாதையாகத்தான் கேட்டான். தங்களுடைய பயிற்றுவிப்பாளர் பேக்கரியில் மாவு பிசைபவர், அவரும் கூடவே ஓடுவார். உங்களுடையவர் ஏன் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார்? ஜெயரட்ணம் குழாயைத் திருகி மூடினார். ஜாக் கொஞ்சம் யோசித்து, செப்டெம்பரில் தன் தங்கை ஷாந்தாலுக்குக் கல்யாணம், ஊர்வலத்துக்கு முன்னால் நடக்க உங்கள் அணியைக் கேட்டால் வருவார்களா என்றான். அவன் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்கிறான் என்பது விளங்கியபோது ஜெயரட்ணத்துக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

அன்றிலிருந்து அவர் சங்கத்து நிர்வாகசபை ஆட்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். ஆச்சரியம் என்னவென்றால், ஒருவர்கூட மாஸ்டருக்காகப் பரிந்து பேசவில்லை. எல்லோரும் அவர் போகத்தான் வேண்டும் என்றார்கள். சங்கத் தலைவர் வேறு யாருமல்ல, அதே எழுபத்தேழாம் ஆண்டுக் கப்டன் றோபேட்தான். அவர் காற்சட்டையைச் சுருட்டி வீங்கிய முழங்காலைக் காட்டினார்.

“எனக்கே ஏலாது அண்ணை. ஆனா மாஸ்டர் இறங்கு எண்டா மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

அங்கேதான் எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். அவரிடம் கணிதம் படித்தவர்கள் பாதிப்பேர். மீதிப்பேரை, இளவயதில் இரண்டு வருடம் குருமடத்தில் லத்தீன் படித்த புண்ணியத்தால் இத்தாலியன் சீக்கிரம் பிடிபட்ட மாஸ்டர்தான், வதிவிட அனுமதிக்காகப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குக் கூட்டிக்கொண்டு திரிந்தவர். அவருடைய முகத்துக்கு நேரே யார் சொல்வது? ஒருவரும் இல்லை. கடைசியில் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழியையே எடுத்தார்கள். ஒருவரைக் கதிரையிலிருந்து எழுப்ப வேண்டுமென்றால் அவருக்குப் பொன்னாடை போர்த்துவது. ஜூன் மாதத்தில் ஒரு கௌரவிப்பு விழா வைத்து, வாழ்த்துமடல் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்துவிட்டால், மாஸ்டரும் மரியாதையோடு விலகிவிடுவார் என்று முடிவாயிற்று.

வாழ்த்துமடல் எழுத சயந்தினியைக் கேட்பதென்றும் முடிவாயிற்று. சயந்தினிக்கு இருபத்தொரு வயது. ஏழாம் வகுப்புவரை தமிழிலும் மீதியை இத்தாலியனிலும் படித்தவள். அதிகம் கதைக்கமாட்டாள். யாருக்கு எந்த மொழியில் கடிதம் வேண்டுமானாலும் அவளிடம்தான் போவார்கள். ஜெயரட்ணம் ஒரு ஞாயிறு போய் அவர்கள் வீட்டுக் குசினியில் உட்கார்ந்தார். மாஸ்டரைப் பற்றி என்னென்ன எழுதவேண்டும் என்று அவள் கேட்டாள்.

முதலில் அவர், பந்தாட்டத்தைப் பற்றி ஒன்றும் எழுதவேண்டாம் என்றார். அப்படியானால் வேறு என்ன என்று அவள் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தாள். ஜெயரட்ணம் தன்னுடைய கதையைச் சொல்லத் தொடங்கினார். எண்பத்தெட்டு மார்கழியில் வதிவிட அனுமதிக்கு அவருடைய பத்திரம் ஒன்று குறைகிறதென்று மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். நாலாம் தரம் மாஸ்டர் கூடவே வந்து, முத்திரை குத்தாமல் போகமாட்டேன் என்று குவெஸ்தூராவின் நிலத்தில் கோட்டோடு சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்க இரண்டு பொலிஸ்காரர் வந்து, பிறகு மூன்றாவதாக வந்தவர் சிரித்துக்கொண்டு முத்திரையைக் குத்தினார். சொல்லிக்கொண்டு போகும்போதே ஜெயரட்ணத்துக்கு எரிச்சல் ஏறியது. அந்த ஆளும் இந்த ஆளும் ஒரே ஆளாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பொய் சொல்லத் தெரியாததால் இன்னும் நாலைந்து பேருடைய கதைகளையும் சொன்னார். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

அவர் எழும்பும்போது ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

“பயிற்சியிலயிருந்து ஓய்வு பெறுறார் எண்டு எழுதட்டோ மாமா?”

சபையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சபை பதறிப்போயிற்று. முகத்தில் அடித்தமாதிரி இருக்கும், அவருக்கே விளங்கும், அந்தச் சொல் வேண்டாம் என்றது. வேண்டாமாம் என்று ஜெயரட்ணமே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

கால்சாவில் கோயில் ஒன்றின் பக்கத்து மண்டபத்தில் விழா நடந்தது. குத்துவிளக்கு, கல்லூரிக் கொடி, கடலை வடை. மாஸ்டர் முன்வரிசையில் புதுக் கழுத்துப்பட்டியோடு இருந்தார். றோபேட் பொன்னாடை போர்த்தினார். சயந்தினி மேடையேறவில்லை, அவளுடைய மடலை ஒரு குரல் வளமானவர் வாசித்தார். வாசிக்க வாசிக்க மண்டபம் அடங்கிற்று. அதில் ஆரவாரம் ஒன்றும் இல்லை. பெயர்கள் இருந்தன, நாட்கள் இருந்தன, நிலத்தில் உட்கார்ந்த கோட்டு இருந்தது. பெண்கள் சேலைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். எங்கே போகிறது இது என்று ஜெயரட்ணத்துக்கு இலேசாகப் பயம் பிடித்தது. ‘ஆகவே ஓய்வு பெறுகிறார்’ என்று கடைசியில் வரவேண்டிய சொல் வரவில்லை. தான் வேண்டாம் என்று சொன்ன சொல் அது.

நன்றியுரை சொல்லத்தான் றோபேட் எழுந்தார். கண்ணாடிச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தார்.

“மாஸ்டர், எங்களுக்கு உங்களை விட்டா ஆர்? இன்னும் மூண்டு வருஷத்துக்கு நீங்கள்தான் எங்கடை கோச்.”

முழு மண்டபமும் எழுந்து நின்று கைதட்டியது. முழங்கால் வீங்கியவர்கள், நேற்றுவரை மாஸ்டரைத் தூற்றியவர்கள், எல்லோரும். மாஸ்டர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, உங்கள் விருப்பம் அதுவென்றால் மறுக்கமாட்டேன், ஐப்பசியில் பயிற்சி தொடங்கும், ஒருவரும் பிந்தக்கூடாது என்றார்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் சிவமலர் மெதுவாகச் சொன்னாள்.

“நீங்களும் கைதட்டினீங்கள். நான் பாத்தனான்.”

“ஓம்.”

அன்று அவர் றோபேட்டை வெறுத்தது உண்மை. அதைவிட, மடியில் கிடந்த தன் இரண்டு கைகளையும் வெறுத்தார்.

புதிய கிண்ணத்தின் தொடக்க நாளன்று அணிநடைக்கான பரிசு நாலாவது தரமும் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் நாலுக்குச் சைபர் தோல்வி. இரண்டாவதில் ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் எதிரணிக்காரர் தாங்களே தங்கள் கோலுக்குள் அடித்துக்கொண்டது. எதிர்ப்பக்கத்து ரசிகர்கள், றோபேட் பந்தைத் தேடி நடக்கும்போதெல்லாம் சேர்ந்து “லெப்ட்... றைற்... லெப்ட்...” என்றார்கள். சிறு பிள்ளைகளும் சொன்னார்கள். ஆட்டம் முடிந்து மாஸ்டர் அணியைக் கூட்டிவைத்து, பிரதம விருந்தினர் நம்முடைய ஒழுங்கைப் பாராட்டினார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தர்சன் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மிச்சம் மூன்று ஆட்டங்கள். இரண்டையாவது வென்றால் கடைசி இடத்திலிருந்து தப்பலாம். மூன்றையும் இப்படியே ஆடினால் அடுத்த வருடம் புளியங்கேணி என்ற பெயர் பட்டியலில் இராது.

அந்தக் கிழமை ஜெயரட்ணம் தானே ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். சின்யோரா மத்தியானத் தூக்கத்தில் இருக்கும் நேரம், குசினி மேசை. ‘மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாஸ்டர் அவர்களுக்கு’ என்று தொடங்கினார். மூன்றாம் வரியில் எண்பத்தெட்டு மார்கழிக்கு நன்றி சொல்லியிருந்தார். கிழித்தார். இரண்டாவது தாளில் மாஸ்டருடைய சுகத்தை விசாரித்திருந்தார். அதையும் கிழித்தார். மூன்றாவதில், தங்கள் அரிய சேவை தொடர வேண்டும் என்று தன் கையே எழுதியிருப்பதைக் கண்டு, பேனையை மேசையில் எறிந்துவிட்டு எழுந்தார். அவருக்குத் தன்மேலேயே உமிழ வேண்டும்போல் இருந்தது. எங்கள் ஆட்களுக்குக் கடிதம் என்றால் ஒரே அச்சுத்தான் தெரியும், அந்த அச்சில் எதை ஊற்றினாலும் பாராட்டாகத்தான் வெளியே வருகிறது என்று இரவு வீட்டில் சிவமலரிடம் சொன்னார். அப்படியென்றால் நேரிலே போய்ச் சொல்லுங்கள் என்றாள் அவள். நேரே போனால் மாஸ்டர் ஓ லெவல் ஆண்டைக் கேட்பார், தான் வாயடைத்துப் போவார், இது இருவருக்கும் தெரியும்.

வியாழன் பின்னேரம் பயிற்சிக்குப் போகவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் தரம். நேரே சயந்தினி வீட்டுக்குப் போனார். அவள் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். கொப்பிகளை ஒதுக்கி அவருக்கு இடம் செய்தாள். அவர் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

“பிள்ளை, எனக்கு ஒரு கடிதம் எழுதித் தரவேணும், மாஸ்டருக்கு. நீர் நல்லா எழுதுறனீர், அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. மதிப்புக்குரிய எண்டு போடவேண்டாம். நன்றி எண்டு போடவேண்டாம். குவெஸ்தூராவைப் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம். ‘மாஸ்டர், உங்களுக்குப் பந்தாட்டம் தெரியாது, இந்த ஞாயிறுக்கு முதல் தர்சனிட்டைப் பந்தைக் குடுத்திட்டு வீட்டை இருங்கோ’ எண்டு மட்டும் எழுதும். சங்கத்தின்ரை பேரும் போடவேண்டாம், கீழை என்ரை பேரைப் போடும். நானே இண்டைக்கே மைதானத்துக்குக் கொண்டுபோய், எல்லாருக்கும் முன்னாலை வாசிச்சுப்போட்டு அவற்றை கையில குடுக்கிறன். ஒரு நல்ல சொல்லும் அதுக்குள்ள வரப்படாது, பிள்ளை. வந்தா நான் வாசிக்கேக்குள்ள அதிலயே நிண்டிடுவன்.”